மழைக்காலத்துத் தீபாவளி முறுக்கு: கோலாலம்பூர் வீட்டு அடுப்படிக்கு முழு வழிகாட்டி

முறுக்கு சரியாக வராததற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கோலாலம்பூரில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஈரம். அக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடி இடித்து மழை கொட்டும். காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பாட்டி சொன்ன அளவில் பிசகாமல் செய்த முறுக்குகூட, காலையில் மொறுமொறுவென்று இருந்துவிட்டு மறுநாள் பல்லில் ஒட்டுவது இதனால்தான்.

அரிசியில் இருக்கும் ஈரம், மாவில் விடும் ஈரம், எண்ணெயில் வெளியேற வேண்டிய ஈரம், டின்னுக்குள் புகுந்துவிடும் ஈரம். இந்த நான்கையும் கவனித்தால் போதும். கீழே உள்ள வரிசை அதற்காகவே வைத்தது, முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

அளவு 1 கிலோ அரிசி மாவுக்கு. உள்ளங்கை அகல முறுக்கு 70 முதல் 80 வரை தேறும். வீட்டுக்கும் ஆகும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டவும் ஆகும்.

1. முதலில் நாள் குறியுங்கள்

தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. தேதி முன்னே பின்னே போனாலும் மழை மாதத்தை விட்டுத் தப்புவதில்லை. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: மாவு வேலை ஒரு வாரம், பொரிக்கும் வேலை இன்னொரு வாரம்.

2026-ஐயே எடுத்துக்கொள்வோம். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. மாவு அரைக்கும் வேலை அக்டோபர் 17 வாரத்தில் முடிந்துவிட வேண்டும். பொரிப்பது அக்டோபர் 31, சனிக்கிழமை காலை. அன்று அடைமழை என்றால் ஞாயிறு காலை கையில் இருக்கிறது. நெய்யுருண்டை போன்றவை கடைசி நான்கைந்து நாளில் பிடித்தால் போதும், அவை முறுக்கு மாதிரி காற்றுக்குப் பயப்படுவதில்லை.

பொரிக்கும் நாளில் காலை 8 மணிக்கே குவாலி (பொரிக்கும் சட்டி) அடுப்பில் இருக்க வேண்டும். ஒரு குவாலியில் இந்த அளவு முழுவதையும் பொரித்தெடுக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதன்பின் ஆற வைத்து, டின்னில் அடைத்து, மதியத்துக்குள் முடித்துவிட்டால் பிற்பகல் மழை எப்படிக் கொட்டினாலும் கவலையில்லை. வேலைக்குப் போய் வந்து ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த ராத்திரிக் காற்றில், தட்டில் ஆற வைத்த முறுக்கு ஆறும்போதே நமக்க ஆரம்பித்துவிடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

அரிசி மாவு 1 கிலோ, வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், தூள் உப்பு 25 கிராம் (தலை தட்டிய தேக்கரண்டிக்கு நான்கு), ஓமம் 10 கிராம், சீரகம் 10 கிராம், எள் 15 கிராம், பெருங்காயத்தூள் ஒரு தேக்கரண்டி. காரம் வேண்டுமானால் மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி. செம்பனை எண்ணெய் 2 கிலோ.

வெண்ணெய் உப்புச் சேர்த்ததாக இருந்தால் உப்பில் கால் தேக்கரண்டி குறையுங்கள்.

பாத்திரத்தில் முக்கியமானவை மூன்று. அடி கனமான குவாலி ஒன்று. மீன் பொரித்த குவாலியாக இருக்கக்கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் சூட்டில் வாடை எழும்பிவிடும். புரட்டாசி விரதம் நடக்கும்போதே பலகாரக் குவாலியைத் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது. இரண்டாவது, முறுக்கு அச்சு. பித்தளையோ மரமோ, மேல்கட்டை உள்ளே இடுக்கில்லாமல் இறங்குகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துப் பாத்திரக் கடைகளில் எல்லா வகையும் கிடைக்கும். இடுக்கு இருந்தால் மாவு கீழே வராமல் மேலே பிதுங்கும். மூன்றாவது, கம்பித் தட்டு, கேக் ஆற வைப்பார்களே அது. ஏன் என்பது 9-ஆம் படியில்.

கேஸ் தோம்பை (சிலிண்டரை) தூக்கிப் பாருங்கள். பாதி முறுக்கில் தீ தணிந்தால் எண்ணெய் சூடு இறங்கி, குவாலியில் கிடப்பது அத்தனையும் எண்ணெய் குடித்துவிடும்.

3. அரிசி மாவு: மில்லா, பாக்கெட்டா?

மில்லில் அரைப்பதானால் பச்சரிசி 1.1 கிலோ எடுங்கள். சல்லடையில் நிற்கும் கப்பி போக 1 கிலோ தேறும். இரண்டு முறை கழுவி, இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே போடுங்கள். ஊரில் நிழலில் ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். இங்கே மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் ஒரு மணிகூட உள்ளங்கையில் ஒட்டக்கூடாது.

மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாயோ மசாலாவோ அரைத்த கையோடு உங்கள் அரிசியைப் போட்டால் முதல் அரைக் கிலோ மாவு சிவந்து வரும். அரிசி அரைத்து முடிந்த இயந்திரமாகப் பார்த்துக் கொடுங்கள், அதற்காகப் பத்து நிமிடம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

அரைத்த மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக் பையில் முடிந்து காரில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பைக்குள் ஆவி வியர்த்து, மாவு கட்டிதட்டி, இரண்டு நாளில் புளித்த வாடை வரும். வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள்.

ஆறியதும் வறுக்க வேண்டும். அகலமான சட்டியில், சிறு தீயில், கைவிடாமல் கிளறுங்கள். நிறம் மாறக்கூடாது, ஈரம் மட்டும் போக வேண்டும். முதலில் ஆவி எழும்பும், பிறகு நிற்கும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போடுவது போல் இழுத்துப் பாருங்கள். கோடு அறுபடாமல் விழுந்தால் போதும், இறக்கிவிடலாம். ஆறவிட்டுச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பொரிக்கும் நாள்வரை தாங்கும்.

பாக்கெட் மாவு கேவலமில்லை. நேரமில்லாதவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் உறையைப் படித்து வாங்குங்கள். ‘தெப்போங் பெராஸ்’ என்று எழுதியிருப்பது அரிசி மாவு. ‘தெப்போங் புலுட்’ என்றால் ஒட்டரிசி மாவு. ஒரே நிறுவனத்தின் இரண்டு பாக்கெட்டும் அவசரத்தில் பார்த்தால் ஒரே மாதிரி தெரியலாம், அலமாரியிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒட்டரிசி மாவில் பிழிந்த முறுக்கு எண்ணெயில் உப்பி, எண்ணெய் குடித்து, ஆறியதும் ரப்பராகிவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. பாக்கெட் மாவையும் ஐந்து நிமிடம் வெறும் சட்டியில் சூடுகாட்டிச் சலித்துக்கொள்ளுங்கள்.

4. உளுந்து: இங்கே அவசரப்பட வேண்டாம்

முறுக்கின் மொறுமொறுப்பு அரிசியில் வருகிறது, வாயில் கரைவது உளுந்தில் வருகிறது. அரிசி ஐந்து பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, எடையில். உளுந்து குறைந்தால் முறுக்கு கல்லாகும். கூடினால் எண்ணெய் குடிக்கும், சீக்கிரம் சிவக்கும், டின்னில் போடும்போதே உடையும். குவளைக் கணக்கில் அளப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள். உளுத்தம் மாவு அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர அள்ளினால் இன்னொரு எடை. தராசு இருந்தால் தராசில் போடுங்கள்.

தோல் நீக்கிய முழு உளுந்து 220 கிராம் எடுங்கள். கழுவ வேண்டாம், ஈரத்துணியில் துடைத்துக் காய வைத்தால் போதும். சட்டி சூடானதும் போட்டு, மிகச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வறுக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். அப்போது தீயைக் கூட்டிவிடுபவர்கள் உண்டு. மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும் உளுந்து அப்படித்தான் வருகிறது. அதைப் பொடித்தால் முறுக்கில் பச்சை வாடை அடிக்கும், நிறமும் கறுக்கும்.

வாசனை எழும்பி, மணிகள் வெண்மை மாறி இளம் சந்தன நிறத்துக்கு வந்ததும் இறக்குங்கள். அடுப்பை அணைத்தபின் சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் மேலும் சிவக்கும். உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

முழுதாக ஆறியபின் அரையுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்தால் கட்டாயம் மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். நிற்கும் குருணையைத் திரும்ப அரையுங்கள், அப்படியே மாவில் கொட்டிவிட வேண்டாம். உளுந்துக் குருணை மாவுக்குள் கிடந்தால் எண்ணெயில் முறுக்கு வெடிக்கும். அந்த இடத்தில் ஆவி சிக்கி, வெளித்தோல் இறுகியபின் வழி தேடிப் பீறிடுவதுதான் வெடிப்பு. முகத்துக்கும் கைக்கும் எண்ணெய் தெறிப்பதில் கணிசமான பங்கு இந்தக் குருணைக்கு.

5. உலர் கலவை

அரிசி மாவையும் உளுத்தம் மாவையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். கையால் கலப்பதைவிடச் சல்லடை சீராகக் கலக்கும்.

ஓமத்தை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிப் போடுங்கள். சீரகத்தை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். முழுதாகப் போட்டால் அச்சின் துளையில் போய் உட்கார்ந்து இழையை அறுக்கும். எள் கழுவியதாக இருந்தால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மிளகாய்த்தூள் சேர்ப்பதானால் அதையும் சலித்துப் போடுங்கள். காரம் கூடக் கூட நிறமும் கறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வெண்ணெயை உருக்கி, சூடாக இருக்கும்போதே மாவில் ஊற்றி, கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விரல் நுனியால் தேய்த்துப் பிசிறுங்கள். ஐந்து நிமிடமாவது பிசிற வேண்டும். ஒரு பிடி மாவை இறுக்கினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். நிற்கவே இல்லையென்றால் வெண்ணெய் போதவில்லை. தட்டியும் உதிராமல் நின்றால் கூடிவிட்டது, அரிசி மாவு இரண்டு கரண்டி சேருங்கள்.

தேங்காய்ப்பால் முறுக்கு வேண்டுபவர்கள் வெண்ணெயை 60 கிராமாகக் குறைத்துக்கொண்டு, அடுத்த படியில் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கெட்டிச் சந்தான் (தேங்காய்ப்பால்) விடலாம். மொத்தம் 200 மில்லி போதும். மணமும் ருசியும் தூக்கலாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் சீக்கிரம் சிவக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை தட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பொரிப்பதானால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இந்தக் கலவையை இப்போது நான்காகப் பிரித்து நான்கு பாத்திரத்தில் வையுங்கள்.

6. பிசைவது: ஒரு நேரத்தில் கால் பங்கு மட்டும்

மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்துவிட்டு, கடைசி முறுக்கு ஏன் செங்கல் நிறத்தில் வருகிறது என்று கேட்பார்கள். பிசைந்த மாவு நேரமாக ஆக நிறம் மாறும். மேலே காய்ந்துபோவதால் இழையும் அறுந்து விழும். ஒரு கால் பங்கைப் பிசைந்தால் அது 25 நிமிடத்தில் தீர்ந்துவிட வேண்டும். அது தீரும் தறுவாயில் அடுத்த கால் பங்கைப் பிசையுங்கள்.

உப்பையும் பெருங்காயத்தையும் மாவில் நேரடியாகத் தூவக்கூடாது. 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கால் பங்குக்கும் 50 மில்லி விடுங்கள். உப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்கும். கடைசிப் பங்கில் மட்டும் உப்புக் கரிக்கும் வம்பும் இல்லை.

அதன்பின் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு கால் பங்குக்கு 150 முதல் 170 மில்லி வரை பிடிக்கும். சந்தான் விடுபவர்கள் முதலில் அதை 50 மில்லி விட்டு, மீதிக்கு மட்டும் தண்ணீர் சேருங்கள். பாக்கெட் மாவு கொஞ்சம் கூடவே தண்ணீர் கேட்கும். சப்பாத்தி மாவு போல் அடித்துப் பிசைய வேண்டாம், இதில் இழுக்கும் பசை எதுவும் இல்லை. சேர்ந்து வந்தால் போதும்.

பதம் பார்க்க, அச்சில் கொஞ்சம் போட்டு ஒரு சாண் இழை பிழிந்து, விரலில் தொங்கவிடுங்கள். அறுந்து விழுந்தால் தண்ணீர் போதாது. விரலில் ஒட்டிக்கொண்டு நீண்டால் தண்ணீர் கூடிவிட்டது. வளைந்து தொங்கி, ஓரத்தில் முள் தெளிவாகத் தெரிந்தால் அதுதான் பதம். சந்தேகம் வந்தால் சற்றுத் தளர்வான பக்கமே போங்கள். இறுகிய மாவைப் பிழியும் கையும் வலிக்கும், முறுக்கும் கடுக்கும்.

மீதி மாவை ஈரத்துணியால் மூடி வையுங்கள். காற்றாடிக்கு நேர்கீழே வைக்காதீர்கள்.

7. ஒரே ஒரு சோதனை முறுக்கு

இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. முதல் கால் பங்கிலிருந்து ஒன்றை மட்டும் பிழிந்து பொரித்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். சூட்டில் கடித்தால் எல்லா முறுக்கும் மெதுவாகத்தான் தெரியும், ஏமாந்துபோவீர்கள்.

கடினமாக இருந்தால் அந்தப் பங்கில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சூடாக்கிச் சேர்த்துப் பிசையுங்கள். மீதி மூன்று பங்குக்கும் அதே அளவு உலர் நிலையிலேயே சேருங்கள். எண்ணெயில் இழை இழையாகப் பிரிந்தால் வெண்ணெய் கூடியிருக்கிறது, ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு கரண்டி அரிசி மாவு. உப்பு குறைந்தால் இப்போதே அடுத்த பங்குகளின் உப்புத் தண்ணீரில் கூட்டிக்கொள்ளலாம். 80 முறுக்கும் பொரித்தபின் இவை எதையும் செய்ய முடியாது.

8. பிழிவதும், ஆளுக்கு ஆள் வேலையும்

பிளாட் வீட்டு அடுப்படியில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆளுக்கு இடமில்லை. ஆகவே வேலையைச் சாப்பாட்டு மேசைக்கும் அடுப்படிக்கும் பிரியுங்கள். மேசையில் ஒருவர் பிசைய, ஒருவர் பிழிய. அடுப்பில் ஒரே ஒருவர். பிள்ளைகளுக்கு மேசை ஓரத்தில் முனை ஒட்டும் வேலை, கடைசியில் டின்னில் அடுக்கும் வேலை. குவாலிப் பக்கம் அவர்களுக்கு வேலையே வேண்டாம். அடுப்பில் நிற்பவரை நடுவில் மாற்றாதீர்கள். எண்ணெயின் போக்கைப் பத்து நிமிடத்தில் ஒருவர் பழகிக்கொள்கிறார், ஆள் மாறினால் அடுத்த இரண்டு ஈடு நிறம் தவறும்.

எண்ணெயில் நேரடியாகப் பிழிவது கைதேர்ந்தவர்களுக்கு. மற்றவர்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பேக்கிங் பேப்பரைச் சதுரமாக நறுக்கி, அதன்மேல் நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்றுப் பிழியுங்கள். கடைசி முனையைப் பக்கத்து இழையோடு விரலால் அழுத்தி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் சுருள் பிரிந்துவிடும். சுற்றுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி விடுங்கள். இறுக்கி ஒட்டினால் நடுவில் எண்ணெய் ஏறாமல் வேகாமல் நிற்கும். அந்த ஈரம்தான் இரண்டு நாள் கழித்து முழு டின்னையும் நமக்க வைக்கும்.

அச்சில் மாவைத் திணிக்கும்போது காற்று நிற்காமல் உருளையாக உருட்டிப் போடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் பிழியும்போது படக்கென்று இழை அறுபடும்.

ஒரு நேரத்தில் எட்டுக்கு மேல் பிழிந்து வைக்க வேண்டாம். காய்ந்த முறுக்கு எண்ணெயில் விரிசல் விடும்.

9. பொரிப்பது: சத்தத்தைக் கேளுங்கள்

எண்ணெய் குவாலியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. முறுக்குப் போட்டதும் நுரை எழும்பும், அதற்கு இடம் வேண்டும்.

சூடு 170 முதல் 180 பாகை செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள். அடியில் போய் உட்கார்ந்து ஒன்றிரண்டு நொடியில் மேலே வந்தால் சரி. கீழேயே கிடந்தால் சூடு போதாது. அடி தொடாமலே மேலே துள்ளிச் சிவந்தால் சூடு அதிகம்.

தாளோடு முறுக்கை எண்ணெயில் கவிழ்த்து விடுங்கள். சில நொடியில் தாள் தானாகக் கழன்று வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். ஒரு ஈட்டுக்கு நான்குதான். ஐந்தாவதைப் போட ஆசை வரும். போட்டால் சூடு சடாரென்று இறங்கி, நான்கும் சேர்ந்து எண்ணெய் குடிக்கும்.

முதல் ஒரு நிமிடம் தொடவே வேண்டாம். வடிவம் இறுகியபின் திருப்புங்கள். தீயை நடுத்தரத்தில் வைத்து நான்கைந்து நிமிடம் பொரியுங்கள்.

எப்போது எடுப்பது என்பதில்தான் குழப்பம். நிறத்தைப் பார்த்து எடுத்தால் பாதி நேரம் தவறும். சந்தான் சேர்த்ததும் மிளகாய்த்தூள் சேர்த்ததும் உள்ளே வேகும் முன்பே சிவந்துவிடும். காதை நம்புங்கள். போட்டதும் ‘சோ’வென்று மழைச் சத்தம் கேட்கும், அது மாவிலிருந்து தண்ணீர் ஆவியாகும் சத்தம். போகப் போக அது சடசடவென்று குறைந்து, குமிழ்கள் சின்னதாகி, கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். அப்போது கரண்டியால் தட்டினால் காய்ந்த ஓலை மாதிரிச் சலசலக்கும். அதன்பின் எடுங்கள். சத்தம் அடங்குமுன்னே நிறம் வந்துவிட்டால் உங்கள் தீ அதிகம். அடுத்த ஈட்டுக்குக் குறையுங்கள்.

மூன்று ஈட்டுக்கு ஒரு முறை கம்பி வடிகட்டியால் எண்ணெயில் கிடக்கும் துணுக்குகளை அரித்தெடுங்கள். அவை கருகினால் எண்ணெய் கறுக்கும், கடைசி முறுக்குகளில் கசப்பு ஏறும்.

பொரித்த முறுக்கை நாளிதழில் கொட்டுவது பழைய வழக்கம். விட்டுவிடுங்கள். மை ஒட்டுவது ஒருபுறம், அடியில் எழும்பும் ஆவி தாளில் முட்டி முறுக்குக்கே திரும்புகிறது. ஓட்டைக் கரண்டியில் எண்ணெய் வடியவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் கம்பித் தட்டில் அடுக்குங்கள். ஆவி மேலும் கீழும் போக வழி இருக்கும்.

மிஞ்சிய எண்ணெய் ஆறியதும் துணியில் வடிகட்டி, சமையலுக்கு ஓரிரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கறுத்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். அடுக்குமாடியில் குழாய் அடைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்துத் தொல்லை. பழைய போத்தலில் அடைத்துப் போடுங்கள்.

10. ஆறுவதற்கும் அடைப்பதற்கும் நடுவே

முறுக்கு கெடுவது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான். சூடாக டின்னில் போட்டால் மூடியில் வியர்வை கட்டிச் சொட்டும். ‘நன்றாக ஆறட்டும்’ என்று மாலைவரை மேசையில் விட்டாலோ காற்றின் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

30 முதல் 40 நிமிடம். புறங்கையால் தொட்டால் சூடு கொஞ்சமும் தெரியக்கூடாது. தெரியாத அந்த நிமிடமே டின்னுக்குப் போக வேண்டும். முதல் ஈடு ஆறும்போது கடைசி ஈடு பொரிந்துகொண்டிருக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்காதீர்கள். ஆறிய வரிசைப்படி அடையுங்கள்.

டின்களை முதல்நாளே கழுவி, துடைத்து, திறந்தபடி காயவிட்டிருக்க வேண்டும். மூடியின் விளிம்பு மடிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் போச்சு. பெரிய சதுர ரொட்டி டின் பார்க்க அழகுதான், ஆனால் தினம் பத்துத் தடவை திறக்கும் வீட்டுக்கு அது உதவாது. ஒவ்வொரு திறப்பிலும் ஈரக்காற்று உள்ளே போகிறது. 15, 20 முறுக்குக் கொள்ளும் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களாகப் பிரித்து, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் வீட்டுத் தின்பண்டத்துக்குத் திறந்து வையுங்கள். மற்றவை தீபாவளி அன்று காலைவரை அப்படியே இருக்கட்டும். ஒட்டுநாடாவின்மேல் தேதி எழுதுங்கள். சந்தான் சேர்த்ததா இல்லையா என்பதையும் எழுதினால் எதை முதலில் தீர்ப்பது என்பது தெரியும்.

முறுக்கோடு வேறு பலகாரத்தை ஒரே டின்னில் போடாதீர்கள். அதிரசத்தில் ஈரம் உண்டு, முறுக்கு அதைக் குடித்துவிடும்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பொட்டலத்தைக் கொடுக்கும் நாள் காலையில் கட்டினால் போதும். மலாய்க்கார வீட்டுக்குப் போவதானால் சைவக் குவாலியில், புது எண்ணெயில் பொரித்தது என்று சொல்லிக் கொடுங்கள், அவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள்.

11. நமத்துவிட்டால்

முழுக்கப் பொரிந்திருந்து காற்றுப்பட்டு நமத்த முறுக்கைக் காப்பாற்றலாம். ஓவனை 120 பாகைக்குச் சூடாக்கி, ஒரே அடுக்காகப் பரப்பி 10 முதல் 12 நிமிடம் வையுங்கள். ஏர் ஃபிரையரில் அதே சூட்டில் நான்கைந்து நிமிடம் போதும். வெளியே எடுக்கும்போது இன்னும் மெதுவாகவே இருக்கும். பயந்துகொண்டு திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், கருகிவிடும். ஆறும்போது தானாக மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரம் கல்லாகி நடு தோலாகும்.

நடுவில் வேகாமல் நின்ற முறுக்கு இதில் தேறாது. ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்து மாவாகத் தெரிந்தால், திரும்ப 150 பாகை எண்ணெயில் இரண்டு நிமிடம் பொரிப்பதுதான் வழி. கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், அன்றைக்கே தின்றுவிடுங்கள்.

விருந்தாளிகளை வரவேற்கும் திறந்த இல்ல நாளில் தட்டில் குவித்து வைக்காமல், ஆள் வரவர எடுத்து வையுங்கள். திறந்த தட்டில் இரண்டு மணி நேரம் இருந்த முறுக்கு ஈரம் ஏறத் தொடங்கியிருக்கும். விருந்தாளிகள் போனபின் தட்டில் மிஞ்சியதை டின்னில் திரும்பக் கொட்டாதீர்கள், அந்தப் பத்து முறுக்கின் ஈரம் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். தனி டப்பாவில் போட்டு மறுநாள் காலைத் தேநீருக்கு வையுங்கள். உடைந்த துண்டுகளைத் தயிரில் போட்டுப் பச்சடியாக்கினால் நமத்தது தெரியவே தெரியாது.